ஒரே எஞ்சின், பத்து செக்கன் வித்தியாசம்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணன், போர்ஷ 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ் இரண்டுக்கும் 4 லீற்றர் எஞ்சின்தான். ஒன்றுக்கு 510 குதிரைவலு, மற்றதுக்கு 525. ஆனால் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் ஆர்எஸ் பத்து செக்கனுக்கு மேல் முந்தி வந்திருக்கிறது. 15 குதிரைவலுவுக்கு இவ்வளவு நேரமா? என் கூட்டாளிமார் இதெல்லாம் கம்பனி விளம்பரம் என்கிறார்கள்.
– கல்முனை வாசகர்

பதில்: தம்பி, கணக்கில் பொய் இல்லை. 2021 இல் வந்த ஜிடி3, 20.832 கிலோமீற்றர் முழுச் சுற்றை 6 நிமிடம் 59.927 செக்கனில் முடித்தது. அடுத்த வருசம் ஒக்டோபரில் ஆர்எஸ் அதே சுற்றை 6 நிமிடம் 49.328 செக்கனில் ஓடியது. 10.6 செக்கன் வித்தியாசம். கிலோமீற்றருக்குப் பிரித்துப் பார்த்தால் அரைச் செக்கன். சராசரி வேகமாக எடுத்தால் ஒன்று மணிக்கு 178.6, மற்றது 183.2.

அந்த நேரம் எஞ்சினிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் உங்களுக்குக் கணக்கு இடிக்கிறது. எஞ்சினை ஒரு பக்கம் வையுங்கள். நேர்ப்பாதையில் விட்டால் கியர்பெட்டி தானாக மாற்றுகிற ஜிடி3 மணிக்கு 318 வரை போகும். ஆர்எஸ் 296 உடன் நின்றுவிடும். குதிரைவலு கூடிய கார்தான் உச்ச வேகத்தில் 22 கிலோமீற்றர் பின்னுக்கு நிற்கிறது. காரணம் அதன் முதுகில் இருக்கிற இறக்கை. போர்ஷ றோட்டுக்கு விட்ட கார்களில் பின் இறக்கையின் மேல் விளிம்பு கூரையை விட உயர்ந்து நிற்பது இதில்தான் முதல் தடவை. அந்த இறக்கை காற்றைப் பிடித்து இழுக்கிறது, நேர்ப்பாதையில் அது நட்டம். வளைவுக்கு வந்தால் அதே காற்று காரை மேலிருந்து கீழே அமுக்குகிறது. இதைக் கீழமுக்கம் என்று சொல்வோம்.

எவ்வளவு அமுக்கம்? மணிக்கு 200 இல் 409 கிலோ. 285 இல் 860 கிலோ. நம்முடைய கணக்கில் சொன்னால் ஐம்பது கிலோ அரிசி மூடை பதினேழு காருக்கு மேலே கிடக்கிறது. ஆனால் உண்மையான மூடை ஏற்றினால் டயர் நிலத்தை இறுக்கிப் பிடித்தாலும் அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் வளைவில் திருப்ப வேண்டும், சேர்த்துத்தான் பிறேக் பிடிக்க வேண்டும். பிடி கூடியதன் பலன் அங்கேயே கரைந்துபோகும். இறக்கை தருகிற அமுக்கத்துக்கு நிறை கிடையாது. கார் அதே 1450 கிலோதான். டயருக்கு மட்டும் 1850 கிலோ காருக்குக் கீழே கிடப்பது போல இருக்கும். அந்தக் கூடுதல் பிடி முழுவதும் திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் மிஞ்சுகிறது. கடதாசியில் பார்த்தால் 200 இல் கால்வாசிக்கு மேல் பிடி கூட வேண்டும். சுமை ஏற ஏறப் பிடி அதே விகிதத்தில் ஏறாது என்பதால் டயர் முழுவதையும் தராது. அதிலும் ஒரு பங்கு ஜிடி3க்கும் இருக்கிறது, அதற்கும் இறக்கை உண்டே. மிச்சம் நிற்பதே பத்து செக்கனுக்குத் தாராளமாகப் போதும்.

பின்னால் மட்டும் அமுக்கினால் முன் பக்கம் தூக்கும், ஸ்டியரிங் வெறுமையாகிவிடும். அதனால் ஆர்எஸ்ஸின் முன் பக்கத்தில் செய்திருக்கிற வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஜிடி3 இல் முன் பெட்டிக்குள் ஒரு பயணப் பை வைக்கலாம். ஆர்எஸ்ஸில் அந்த இடம் முழுவதையும் சாய்த்து வைத்த ஒரே பெரிய றேடியேற்றர் எடுத்துக்கொண்டது. முன்பு றேடியேற்றர்கள் இருந்த இரண்டு ஓரமும் காற்றைத் திருப்புகிற தகடுகளுக்கு விடுபட்டது. முன் சில்லைப் பிடிக்கிற கைகளைக்கூட நீர்த்துளி வடிவில் வார்த்திருக்கிறார்கள். உச்ச வேகத்தில் அந்தக் கைகளால் மட்டும் முன் அச்சுக்கு 40 கிலோ கீழமுக்கம் கிடைக்கிறது. சஸ்பென்சன் கையிலிருந்து கீழமுக்கம் எடுக்கிறவன் காரின் ஒவ்வொரு விரற்கடையையும் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். நேர்ப்பாதை வந்தால் ஸ்டியரிங்கில் இருக்கிற பொத்தானை அமத்த இறக்கை தட்டையாகும், இழுவை குறையும். கடும் பிறேக் பிடித்தால் அதே இறக்கை நிமிர்ந்து காற்றுப் பிறேக்காக நிற்கும்.

டயரையும் பாருங்கள். ஜிடி3க்கு முன்னால் 255, பின்னால் 315 மில்லிமீற்றர் அகலம். ஆர்எஸ்ஸுக்கு 275, 335. இரண்டு காரும் அந்த நேரங்களை மிச்சலின் கப் 2 ஆர் என்கிற ஓட்டப் பாதை டயரில்தான் ஓடின. அதனால்தான் இந்த ஒப்பீட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கார் சாதாரண றோட்டு டயரிலும் மற்றது கப் 2 ஆரிலும் ஓடியிருந்தால் உங்கள் கூட்டாளிமார் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன். ஓட்டியவர்கள் மட்டும் வேறு வேறு: ஜிடி3 ஐ லார்ஸ் கேர்ன், ஆர்எஸ்ஸை யோர்க் பெர்க்மைஸ்டர். இரண்டு பேருக்கும் அந்தப் பாதை மனப்பாடம்.

கேள்வி: அப்படியென்றால் ஆர்எஸ் வாங்குகிற எவரும் ஜிடி3 காரனை விட வேகமாக ஓடுவாரா? நீங்கள் கத்தாரில் ஓட்டப் பாதையில் வேலை செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.
– ஏறாவூர் வாசகி

பதில்: இல்லை தங்கச்சி. லுசைல் பாதையில் சொந்தக் கார் கொண்டுவந்து ஓடுகிறவர்களுக்கு டயர் வேலை பார்த்தவன் நான். 5.38 கிலோமீற்றர், 16 வளைவு, ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடிய நேர்ப்பாதை. பாலைவன மணல் பாதைக்குள் வராமலிருக்க ஓரம் முழுக்கச் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் காற்றடிக்கிற நாளில் முதல் சில சுற்றுக்கு மணல்தான் பாதை.

கார் உள்ளே வந்து நின்றதும் நான் முதல் பார்ப்பது இடது முன் டயர். அந்தப் பாதையில் வலது வளைவு பத்து, இடது ஆறு. இடப்பக்க டயர்தான் கூட அடி வாங்கும். ஊசி வைத்த வெப்பமானியை ரப்பருக்குள் மூன்று இடத்தில் குத்துவேன்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். நன்றாக ஓட்டுகிறவருடைய டயரில் மூன்றும் கிட்டக்கிட்ட நிற்கும். பயந்து பயந்து வளைத்து, வளைவின் நடுவில் ஸ்டியரிங்கை இன்னும் முறுக்குகிறவருடைய டயரில் வெளி ஓரம் மட்டும் பத்துப் பதினைந்து பாகை கூடச் சுட்டுக் கிடக்கும். ரப்பர் உருண்டு திரண்டு, மணல் ஒட்டி, விரலால் தேய்த்தால் புட்டுப் போல உதிரும். அவர் என்ன நேரம் ஓடினார் என்று பலகையைப் பார்க்கவே தேவையில்லை.

அங்கே ஆர்எஸ் வைத்திருந்தவர்களை ஜிடி3 காரர் முந்தியதைப் பல இரவு பார்த்திருக்கிறேன். கீழமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. வேகம் பாதியானால் அமுக்கம் காலாகிவிடும். 200 இல் 409 கிலோ தருகிற அதே இறக்கை 100 இல் சுமார் 100 கிலோதான் தரும், 60 இல் 37 கிலோ. ஆகவே வேகமான வளைவில் கால் எடுக்காமல் போகிறவருக்குத்தான் அந்தப் பிடி கிடைக்கும். பயந்து வேகத்தைக் குறைக்கிறவருக்குப் பிடியும் சேர்ந்து குறைகிறது. "கார் வழுக்குது, இந்த வளைவில் இன்னும் மெதுவாகப் போகவேண்டும்" என்று அவர் நினைப்பார். இன்னும் வேகமாகப் போயிருந்தால் கார் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். இதை ஒரு மனிதனின் உடம்பு நம்புவதற்குக் காலம் எடுக்கும். பயிற்றுநர் பக்கத்து ஆசனத்திலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார், ஒரே நாளில் ஏற்ற முயன்றால் சுவரில்தான் முடியும்.

நம்முடைய பக்கத்துப் பாதையில் வைத்துச் சொல்கிறேன். மகியங்கனையால் கண்டிக்கு ஏறும்போது வரும் பதினெட்டு வளைவை எல்லோருக்கும் தெரியும். அங்கே 30 இல் திரும்புவோம். அந்த வேகத்தில் ஆர்எஸ்ஸின் இறக்கை தருவது ஒன்பது கிலோ. அங்கே ஜிடி3 ம் ஆர்எஸ்ஸும் ஏறக்குறைய ஒரே கார்தான். பாதையில் மெதுவான வளைவுகள் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சுருங்கும். நூர்பர்க்ரிங் நீளமான, வேகமான வளைவுகள் நிறைந்த பாதை. ஆர்எஸ்ஸுக்கு அளவெடுத்த சட்டை.

யாராவது என்னிடம் எதை எடுக்கலாம் என்று கேட்டால், ஓட்டப் பாதைக்குப் புதியவருக்கு ஜிடி3 என்றுதான் சொல்வேன். அதன் பிடி மெதுவான வளைவிலும் வேகமான வளைவிலும் ஓரளவு ஒரே மாதிரி, வழுக்கப் போவதை முன்கூட்டியே உடம்புக்குச் சொல்லிவிடும். கையால் கியர் மாற்றுகிற வகையும் அதில்தான் உண்டு. தன் கையை நன்றாகத் தெரிந்தவருக்கு ஆர்எஸ்.

கேள்வி: ஒரே காருக்கு இரண்டு நூர்பர்க்ரிங் நேரம் போடுகிறார்கள். ஜிடி3க்கு 6:55 என்றும் இருக்கிறது, 6:59 என்றும் இருக்கிறது. எது சரி?
– அம்பாறை நகர வாசகர்

பதில்: இரண்டும் சரி. முன்பெல்லாம் பார்வையாளர் மேடைக்குப் பக்கத்திலுள்ள ஒரு துண்டை விட்டுவிட்டு 20.6 கிலோமீற்றருக்கு நேரம் எடுத்தார்கள். பிறகு 2019 இலிருந்து முழுச் சுற்றான 20.832 ஐ எடுக்கிறார்கள். ஜிடி3 இன் குறுஞ்சுற்று 6:55.34, முழுச் சுற்று 6:59.927. அந்த 232 மீற்றருக்கு நாலரைச் செக்கன் போகிறது. பழைய கார் ஒன்றின் குறுஞ்சுற்று நேரத்தைப் புதிய கார் ஒன்றின் முழுச் சுற்று நேரத்தோடு வைத்து இரவிரவாகச் சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரத்தைப் பார்க்க முதல் நீளத்தைப் பாருங்கள்.

எஞ்சினே நேரத்தைத் தந்த சோடியும் உண்டு. 718 கேமன் ஜிடி4 க்கு 420 குதிரைவலு, ஜிடி4 ஆர்எஸ்ஸுக்கு 500. குறுஞ்சுற்றில் ஆர்எஸ் 23.6 செக்கன் முந்தியது. 80 குதிரைவலு கூடினால் அது நேர்ப்பாதையிலேயே தெரியத்தான் செய்யும். அங்கேயும் கீழமுக்கமும் டயரும் பங்கு கேட்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் இரண்டும் ஒரே கார், பெயர்ப்பலகைதான் வேறு என்கிறார்கள். ஓட்டப் பாதையில் வித்தியாசம் தெரியுமா?
– அக்கரைப்பற்று மாணவர்

பதில்: மகன், இரண்டும் ஜப்பானில் சுபாருவின் ஒரே தொழிற்சாலையில் கட்டப்படுகிறவை. அதே 2.4 லீற்றர் படுத்த எஞ்சின், ஜப்பானில் 235 குதிரைவலு. இறக்கை வித்தியாசமும் இல்லை. ஆனால் ஓட்டினால் தெரியும். ஏனென்றால் ஸ்பிறிங் வேறு.

2021 இல் வந்த ஜப்பான் அமைப்பில் பிஆர்இசட்டின் முன் ஸ்பிறிங்கை ஒரு மில்லிமீற்றர் அமத்த 30 நியூட்டன் வேண்டும், பின்னதுக்கு 35. ஜிஆர்86 இல் முன் 28, பின் 39. அதாவது டொயோட்டா முன்னை இளக்கி, பின்னை இறுக்கியிருக்கிறது. வளைவில் கார் சாய்வதைத் தடுக்கிற பின் ஸ்டெபிலைசர் கம்பியும் ஜிஆர்86 இல் 15 மில்லிமீற்றர், பிஆர்இசட்டில் 14. ஒரு மில்லிமீற்றர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கம்பியின் இறுக்கம் விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறுவது, கணக்குப் போட்டால் முப்பது வீதம் கூட வரும். உயர்தரத்தில் கணிதம் செய்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்களே போட்டுப் பாருங்கள்.

பின் பக்கம் இறுகினால் வளைவில் பின் டயர் இரண்டுக்கும் இடையே சுமை கூட மாறும், பின் பிடி முதலில் தளரும், வால் வெளியே வரப் பார்க்கும். ஜிஆர்86 காரன் காலைக் கொஞ்சம் தூக்கினாலே மூக்கு உள்ளே திரும்பும். அது பிடித்தவர்களுக்கு அதைப் போல ஒரு சுகம் இல்லை. பிஆர்இசட் அமைதியான கார், வேகமான வளைவில் நம்பிக்கை தரும். நேரத்தில் எது வெல்லும்? ஒரே டயரில், ஒரே கையில் ஓடினால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஒன்றுக்கு 17 அங்குல சாதாரண டயரும் மற்றதுக்கு 18 அங்குல ஸ்போர்ட் டயரும் போட்டுவிட்டு "என்ட கார் வென்றுட்டு" என்றால் வென்றது டயர்.

கேள்வி: எனது விட்ஸுக்குப் பின்னால் பெரிய இறக்கை போட்டு, ஸ்பிறிங்கை வெட்டிப் பதித்தால் கடற்கரை றோட்டில் நன்றாகப் பிடிக்குமா?
– கல்லடி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. ஊருக்குள் சட்டம் தருகிற வேகம் 50, ஊர் தாண்டினால் 70. ஆர்எஸ்ஸின் இறக்கையே 70 இல் ஐம்பது கிலோதான் தரும். கடையில் வாங்கி டிக்கியில் துளை போட்டுப் பூட்டுகிற தகடு அதில் ஒரு பங்கும் தராது. விட்ஸ் முன் சில்லில் இழுக்கிற கார், பின்னை அமத்தி என்ன பயன்? துளை போட்ட இடத்தில் நாவலடிக் காற்றின் உப்புப் பிடித்து ஒரு மாரிக்குள் துரு ஓடும். ஸ்பிறிங் வெட்டினால் சொக்கப்சர் அடியில் முட்டும், பள்ளம் விழுந்த இடத்தில் சில்லு ஒரு கணம் நிலத்தை விட்டு எழும்பும். எழும்பிய டயருக்குப் பிடி எங்கே?

அதே காசை இப்படிச் செலவழியுங்கள். முதலில் நாலு நல்ல டயர், ஒரே வகை, ஒரே வருசம். பிறகு பிறேக் எண்ணெய். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நமக்கு அதைப்பற்றிச் சொல்லத் தேவையில்லை. டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்ததும் அந்த எல்லை 140 க்கு இறங்கிவிடும். டொட் 4 க்கு 230 உம் 155 உம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். செங்கலடியால் பதுளைக்குப் போய் இறங்கி வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள்.

டயர்க் காற்றைக் காலையில், கார் ஓட முதல் அளவுங்கள். டயர் பத்துப் பாகை சூடானால் ஒன்றரை இறாத்தல் அளவில் ஏறும். வெயிலில் ஓடிவிட்டு அளந்து, கூடிப்போச்சு என்று காற்றை இறக்கினால் அடுத்த நாள் காலை டயர் தொய்ந்து கிடக்கும். ஓட்டப் பாதையில் நாங்கள் வேண்டுமென்றே குறைத்து விடுவோம், அது சூடாகி ஏறப் போகிற கணக்கைத் தெரிந்து விடுவது. றோட்டுக்கு அது வேண்டாம், கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு போதும்.

புதுப் பாலத்தில் இரவில் பந்தயம் ஓடுகிற பொடியன்கள் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பாலத்து ஓரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு மனிசர் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரிந்தால் என் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசுகிறேன்.

கேள்வி: இலங்கையில் முறையாக ஓட எங்கே போகலாம்? கிழக்கில் ஏதும் உண்டா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: கிழக்கில் தார்போட்ட ஓட்டப் பாதை இல்லை. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த விமான ஓடுபாதை, குருநாகல் மாவட்டத்தில் பன்னல, இந்த இரண்டும்தான் சுற்றுப் பந்தயத்துக்குப் பெயர் போனவை. மலையேற்றம் பார்க்க விருப்பமென்றால் நுவரெலியா மகாகஸ்தோட்ட, அது 1934 இலிருந்து வருகிறது. பார்க்கப் போனாலும் தடுப்புக்குப் பின்னால், வளைவின் வெளிப்பக்கமாக இல்லாமல் நில்லுங்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகி ஏழு பேரைக் கொன்றது, அதில் பார்வையாளரும் இருந்தார்கள். ஓடப் போவதென்றால் தலைக்கவசம், புது பிறேக் எண்ணெய், இறுக்கிச் சரிபார்த்த சில்லு நட்டு, இந்த மூன்றும் இல்லாமல் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டாம். நட்டை இறுக்க டோர்க் சாவி இல்லாதவர்கள் முதல் நாள் கராஜுக்கு வாருங்கள், காசு வேண்டாம்.